நாற்பத்தொரு ஆரஞ்சு விண்மீன்கள்

ஹோசியத் அக்கா தட்டுக் கழுவுகிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜரஃப்ஷான் பள்ளத்தாக்கில் இன்றும் சிலர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்திரண்டு வருடம் எங்கள் வானாய்வகத்தில் விண்மீன்களை இனம் பிரித்தவர் அவர். நான் அங்கே இருட்டறைக்காரன். தொலைநோக்கி பிடித்த ஒளியைக் கண்ணாடித் தட்டில் துலக்கிக் கொடுப்பேன். மீதி அவர் பாடு.

ஒவ்வொரு விண்மீனின் ஒளியும் தட்டில் நகத்தளவுப் பட்டையாக விழும், குறுக்கே கோடுகளோடு. எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறது என்று பார்த்தே அதன் சூட்டைச் சொல்லலாம். நீலம்தான் மிகச் சூடானது. பிறகு வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. தலைவலி அதற்கப்புறம்தான். ஒரே ஆரஞ்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிதானமாக எரிந்துகொண்டிருக்கும் குள்ளன். மற்றது, நடுவயிற்று எரிபொருள் தீர்ந்து, வயதான காலத்தில் ஊதிப் பெருத்து, குள்ளனைவிட நூறு மடங்கு பிரகாசிக்கும் ராட்சசன். ஒன்றிரண்டு கோடுகளின் பருமனில்தான் வித்தியாசம் தெரியும். அக்கா லென்ஸை வைத்து, தேநீர் ஆறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு சொல்லிவிடுவார்.

வேலைக்கு ஒரு விதி இருந்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இனம் தெரிந்த மாதிரித் தட்டோடு ஒப்பிட்டே எழுத வேண்டும். அச்சிடப்போகும் விண்மீன் பட்டியல் நூலுக்காக அக்கா ஒருவர், தலைவர் முகித்தின் ஐயா இன்னொருவர். "ரெண்டு கணக்கும் ஒத்துப்போனா, அட்டையில உங்க பேரும் வரும்" என்று ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். பட்டம் வாங்காத ஒருவர் பெயர் அட்டையில் வருவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். அக்கா வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வருடம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் இரண்டு பேர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் ஒத்துப்போயின. நாற்பத்தொரு ஆரஞ்சு விண்மீன்கள் மட்டும் தலைகீழ். ஐயா குள்ளன் என்றதெல்லாம் அக்காவுக்கு ராட்சசன். ஐயா ராட்சசன் என்றது அக்காவுக்குக் குள்ளன்.

"மாதிரித் தட்டோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப எதை வச்சு எழுதினீங்க?"

"பார்த்துப் பார்த்துப் பழகின மூஞ்சிதானே."

"மூஞ்சியா! இது என்ன சந்தையில ஆடு பிடிக்கிற வேலையா? நான் ஒவ்வொண்ணையும் ஒப்பிட்டுத்தான் எழுதினேன். உங்க பேரைப் போட்டா ஊரே சிரிக்கும்."

அக்கா அலமாரிக்குப் போனார். ஆரஞ்சு விண்மீன்களின் மாதிரித் தட்டுகள் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உறையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னால் வீட்டைத் தட்டி உதறிச் சுத்தம் செய்யாமல் எங்கள் பெண்களால் இருக்க முடியாது. மார்ச்சில் அக்கா ஆய்வகத்தையும் உதறினார். மாதிரித் தட்டுகளின் கண்ணாடிப் பக்கத்தைத் துடைத்ததில் மையால் எழுதிய எண்கள் அழிந்துபோயின. திரும்ப வைக்கும்போது ராட்சசன் குள்ளனின் உறைக்குள்ளும், குள்ளன் ராட்சசனின் உறைக்குள்ளும் போய்விட்டன. ஐயா ஆரஞ்சுகளைப் பார்த்து எழுதியது அதற்குப் பிறகுதான். விதியை மதித்த ஐயா தப்பாக எழுதியிருக்கிறார். மதிக்காத அக்கா சரியாக எழுதியிருக்கிறார்!

நான் கிசுகிசுத்தேன். "அக்கா, சத்தம் போடாம மாத்தி வச்சிடுங்க. நாளைக்கு அவரே மறுபடி பார்ப்பாரு. தப்பு தன்னோடதுன்னு நினைச்சுக்குவாரு. உங்க பேரும் வந்துடும்."

"போன வருஷம்தான்டா ஐயா கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. கண்ணே போயிடுச்சுன்னு நினைச்சு லென்ஸைக் கீழ வச்சிடுவாரு. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

நேராக ஐயாவின் மேஜைக்குப் போனார். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. உறையை மாத்தி வச்சவ நான்தான். ஒப்பிட்டுப் பார்க்காம எழுதினதும் தப்புதான். ஆனா நாற்பத்தொண்ணும் நான் சொன்னதுதான் சரி."

ஐயா கத்திய கத்தலில் தோட்டத்து வாதுமை மரத்துக் குருவிகள் பறந்தன. அப்புறம் தட்டுகளைத் தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து இருவரும் பதினொரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மாதிரியோடு வைத்து மறுபடி எழுதினார்கள். நாற்பத்தொன்றும் அக்கா சொன்னபடியே வந்தன. அந்தப் பதினொரு நாளும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

அச்சுக்குப் போகும் முன் ஐயா முன்னுரையைப் படித்துக் காட்டினார். அட்டையில் இரண்டாவது பெயராக அக்கா. திருத்தம் பற்றி, "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று மட்டும் எழுதியிருந்தார். பெருந்தன்மைதான்.

"அதை அடிச்சிடுங்க ஐயா. உறையை மாத்தினது ஹோசியத்துன்னு எழுதுங்க."

"எதுக்கும்மா? காலத்துக்கும் அச்சுல நிக்குமே."

"சரியாச் சொன்னதுக்கு என் பேரு வேணும்னா, தப்பாச் செஞ்சதுக்கும் என் பேருதான் வரணும். வேற யாரோட பேரு வரும்?"

ஐயா பேனாவை எடுத்து எழுதினார். நூல் வந்ததும் அக்கா அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். அட்டையை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, முன்னுரையின் ஏழாம் பக்கத்தை விரித்து, உறையை மாற்றியது யார் என்ற அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.