வெள்ளைத் துணி நீலமான சனிக்கிழமை

பிறந்த குழந்தைகளை வீடு தேடிப்போய்ப் படம்பிடிப்பவனுக்கு இரண்டே ஆசைகள். குழந்தை தூங்க வேண்டும்; தோல் பொன்னாக விழ வேண்டும். நார்த்மீட் புறநகரில் ஒரு வீட்டில் அந்தச் சனிக்கிழமை இரண்டும் ஒருசேரக் கிடைத்தபோது நான் என் திறமையைத்தான் மெச்சிக்கொண்டேன்.

கல்யாண மண்டபங்களில் படமெடுத்து, மாப்பிள்ளையின் தகப்பனிடம் ஏச்சு வாங்கியே நடுவயதுக்கு வந்தவன் நான். குழந்தைகள் ஏசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போன வருடம்தான் இந்தப் பக்கம் திரும்பினேன். "பிள்ளையைத் தூக்கினா உங்களுக்குக் கை நடுங்கும். பிறகு படம் எங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் சொன்னது சரிதான். நடுங்காத மாதிரி நடிக்கத்தான் பழகியிருக்கிறேன்.

ஐந்து நாள் ஆண் குழந்தை. ஹீட்டரால் அறையைச் சூடாக்கி, துணி விரித்த கூடையில் கிடத்தினேன். வழக்கமாக இந்தக் கட்டத்தில் பிள்ளையின் அழுகையில் வீடு இரண்டாகும். அன்று மூச்சுச் சத்தம் மட்டும். கையை மடித்தேன், மடிந்தது. கன்னத்துக்குக் கீழே வைத்தேன். வைத்த இடத்தில் இருந்தது. முயல்காதுத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கரடித் தொப்பியை மாட்டினேன். இமைகூட அசையவில்லை.

"தம்பி, இப்பிடிச் சொல்வழி கேக்கிற பிள்ளையை நான் காணேல்லை," என்றேன் தகப்பனிடம்.

"ஓம் அண்ணை, நேற்றிலயிருந்து இப்பிடித்தான். பிள்ளை பிறந்தா நித்திரையே இல்லையெண்டு எல்லாரும் வெருட்டினவை. நாங்கள் ராத்திரி ஆறு மணித்தியாலம் படுத்தனாங்கள்!"

கதிரையில் சாய்ந்திருந்த தாய் பெருமையாகச் சிரித்தாள்.

கமராத் திரையில் பிள்ளை மஞ்சளாக இருந்தான். ஜன்னல் திரைச்சீலையும் மஞ்சள். குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். கழற்றச் சொன்னேன், தகப்பன் ஏறிக் கழற்றினான். நல்ல வெளிச்சம் உள்ளே வந்தது. பிள்ளை மஞ்சள். வெள்ளைத் துணி விரித்து ஜன்னலடிக்கு மாற்றினேன். அங்கேயும் மஞ்சள். சரி, கமராதான் பொய் சொல்கிறது என்று அதன் நிறத்தை நீலப் பக்கமாகத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பிள்ளை ஒருவழியாகப் பிள்ளை நிறத்துக்கு வந்தபோது, சுற்றியிருந்த துணி நீலத்தில் முக்கியெடுத்ததுபோல் ஆகியிருந்தது.

அந்தத் துணியைத் துவைத்தவன் நான். அது வெள்ளை. அப்படியென்றால் மஞ்சள் கமராவில் இல்லை.

நான் டாக்டர் இல்லை. சொல்லி, ஒன்றுமில்லை என்றானால், படம் எடுக்க வந்தவர் பிள்ளைக்கு நோய் என்று சொல்லிவிட்டுப் போனார் என்ற கதை நாளைக்கே கோயில் வாசலில் நிற்கும். அறுபதாம் கல்யாணத்துக்குக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். சொல்லாமல் விட்டால்? அந்த நினைப்பை என்னால் முடிக்க முடியவில்லை. இதற்கிடையில் விரல் தன்பாட்டில் நான்கு படங்கள் எடுத்திருந்தது. நான்கிலும் என் முழங்கால்.

"தம்பி, கண் திறந்த படம் ஒண்டு எடுப்பம். உள்ளங்காலைச் சுண்டி விடுங்கோ."

மூன்றாவது முறை சுண்டிய பிறகுதான் இமை கொஞ்சம் விலகியது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"தங்கச்சி, கடைசியா எப்ப பால் குடிச்சவன்?" சும்மா கேட்பதுபோலக் கேட்கப் பார்த்தேன். குரல் ஆட்டுக்குட்டியாக வந்தது.

"விடிய அஞ்சு மணிக்கு. அதுவும் கொஞ்சம்தான். எழுப்பினா எழும்புறானில்லை."

அப்போது மணி பதினொன்று.

கமராவை அவர்களிடம் நீட்டினேன். "பிள்ளையின்ர நிறம் சரியா வர, இந்தத் துணிக்கு என்ன நடந்திருக்கெண்டு பாருங்கோ."

தகப்பன் சிரித்தான். "பிள்ளை பாக்க வாற மிட்வைஃப் வியாழக்கிழமை பாத்தவா, அண்ணை. கொஞ்சம் மஞ்சள், வழமைதான் எண்டவா. திங்கள் திரும்பவும் வருவா. நீங்கள் படத்தில அதைக் குறைச்சு விடுங்கோ."

"படத்தில ஒரு நிமிசத்தில குறைச்சிடுவன், தம்பி. பிள்ளையில எப்பிடிக் குறைக்கிறது?"

தாய் எழுந்து வந்து கரடித் தொப்பியை இழுத்தெடுத்தாள். நெற்றியை விரலால் அழுத்தி விட்டாள். விரல் எடுத்த இடமும் மஞ்சள். மார்போடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். அவன் வாய் பிடிக்காமல் நழுவியது. அவள் முகம் மாறியதை நான் பார்க்கக் கூடாது என்று ஹீட்டரைப் பார்த்தேன்.

"போனை எடுங்கோப்பா!" என்றாள் கணவனிடம்.

மறுமுனையில் மிட்வைஃப் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவதற்குப் பதில் முடியுமுன்னே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

அவர்கள் காரை மறித்தபடி பின்னால் என் கார் நின்றது. சாவியைக் காணவில்லை. காற்சட்டைப் பையில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. லென்ஸ் பையைக் கம்பளத்தில் கவிழ்த்தேன். விலை உயர்ந்த கண்ணாடிகள் நாலாபக்கமும் உருண்டன.

"அண்ணை, கையில! உங்கட கையில!"

இடது கையில்தான் இருந்தது. காரைப் பின்னோக்கி எடுத்த வேகத்தில் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சாய்த்தேன். அவர்கள் கார் திரும்பி மறைந்தது. முயல்காதுத் தொப்பியைப் பிடித்தபடி சாய்ந்த தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நாயோடு நடந்து போன ஒரு கிழவர் என்னிடம், எல்லாம் சரியா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

வீட்டில் மனைவி, "ஏன் நிண்டுகொண்டு சாப்பிடுறியள்?" என்றாள். கதை முழுவதையும் சொன்னேன். அவளும் தட்டோடு எழுந்து நின்றாள்.

பின்னேரம் ஆறு மணிக்குத் தகப்பன் அழைத்தான். "அண்ணை, ரத்தம் எடுத்துப் பாத்தவை. மஞ்சள் நல்லாக் கூடிப்போச்சாம். நீல வெளிச்சத்துக்குக் கீழ வைச்சிருக்கினம். பாலும் மூக்கால ரியூப் விட்டுக் குடுத்தவை. இப்ப குறையத் தொடங்கியிருக்காம். திங்கள் மட்டும் விட்டிருந்தா..."

அவனும் முடிக்கவில்லை. பின்னால் யாரோ வீரிட்டார்கள்.

"ஆர் தம்பி, அது?"

"இவர்தான்! வெளிச்சம் படாமக் கண்ணைக் கட்டிவிட்டதுக்கு எங்களோட கோபம். ஒரு மணித்தியாலமா நிப்பாட்டுறானில்லை. தாதி சொல்லுறா, நல்லாக் கத்தட்டுமாம்."

"போனைக் கிட்டக் கொண்டு போங்கோ."

கொண்டுபோனான். காது கிழிந்தது. மனைவி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன்.