பதினோரு மணிக்கு மில் ஓடாது

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கள் வீட்டில் எழுதுவதும் பேசுவதும் என் மனைவியின் வேலை.

சிதம்பரத்தில் நாங்கள் மாவு மில் வைத்திருக்கிறோம். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச வர மாட்டார்கள், கூச்சப்படுகிற எனக்கு அது வசதி. வாசலில் டப்பாவை வாங்கி, பேர் எழுதிச் சீட்டு ஒட்டி, எல்லாரிடமும் சிரித்துப் பேசுவது அவள்.

இந்த வருஷம் தை மாதம், கடலூரில் அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு மொபெட்டில் போனோம். வழியில் குறுக்கே நாய் வந்தது. பிரேக் பிடித்தேன். பின்னால் இருந்தவள் சரிந்து ரோட்டில் விழுந்தாள். தலை லேசாக இடித்தது, ரத்தம் இல்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா. தம்பி பொண்டாட்டி இதையே சொல்லிச் சொல்லி வருஷம் பூரா சிரிப்பா."

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

ஒன்றரை மாதம் கழித்து சீட்டில் அவள் எழுத்து சரிய ஆரம்பித்தது. கேழ்வரகு அரைக்கக் கொடுத்தவரிடம் மிளகாய்த்தூளைத் தூக்கிக் கொடுத்தாள். பேச்சும் குறைந்தது. என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அவள் தம்பி வந்தான்; இரண்டு பேருமாக அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். "எங்கயாவது விழுந்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் தம்பி நிற்கிறான். விழ வைத்தவன் நான்தானே என்ற வெட்கம். "இல்லைங்க" என்றேன்.

பத்து நாளில் அவளால் வலது காலில் செருப்பு மாட்ட முடியவில்லை. 'மாமா' என்ற வார்த்தைகூட வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேயும் அதே கேள்வி. மில்லில் கத்துகிற குரலில், "நான்தாங்க வண்டியிலேருந்து விழ வச்சேன்" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"என்கிட்டகூட சொல்லலியே மச்சான்" என்றான் தம்பி. திட்டியிருந்தால் தேவலை.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. சின்னத் துளை போட்டு வடித்தார்கள். 'மாமா' திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் ரத்தம் மறுபடி சேர்ந்து, அந்த வார்த்தையும் மறுபடி போய்விட்டது.

புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு, அந்தக் கசிவுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயை அடைத்துவிடலாம், தலையைத் திறக்க வேண்டாம் என்றார்கள். சம்மதக் கடிதத்தை நீட்டினார்கள். நான் பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

"மடையை அடைக்காம தண்ணிய எறச்சிக்கிட்டே இருந்தா வயலு வத்துமா மச்சான்? கையெழுத்துப் போடுங்க" என்றான் தம்பி. இதே கோணல் கையெழுத்தைத்தான் போட்டேன்.

அதற்குப் பிறகு ரத்தம் சேரவில்லை. தேங்கியிருந்தது மெல்ல வற்றி வருகிறது. நன்றாகத் தேறும்வரை மில் தூசியும் சத்தமும் வேண்டாம் என்று தம்பி வீட்டில் விட்டிருக்கிறேன். சிரிப்பாள் என்று எவளுக்குப் பயந்தாளோ, அந்தத் தம்பி மனைவிதான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள்.

தினமும் பதினோரு மணிக்கு அவள் போன் வரும். பத்தேமுக்காலுக்கே மில்லை நிறுத்திவிடுவேன். ஆட்கள் டப்பாவோடு காத்திருப்பார்கள். சீட்டெல்லாம் இப்போது என் எழுத்து. "இது என் பேரா, கோழி கிளறினதா?" என்று ஒரு அம்மா கேட்டார். அதைச் சொன்னதும் போனில் அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மெஷினை ஓட்ட எனக்கு மனசே வரவில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. தம்பி பொண்டாட்டி கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது" என்றாள்.

அன்றைக்கு டாக்டரிடம் நான் விழுங்கிய ஒரு வார்த்தை அவளுடைய எல்லா வார்த்தையையும் கொண்டுபோகப் பார்த்தது. அதனால்தான் அவள் திரும்பி வருகிற வரைக்கும், அவள் நிற்கிற வாசலில் நான் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து "வாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டு அன்று எழுதியது.