ஈய பெல்ட்டில் போட்ட முடிச்சு

மரகதத்துக்கு நீந்தத் தெரியாது. குடியேறி வந்த வெளிநாட்டு ஊரான மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருஷமாக வேலை. அடுத்தவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்டுக் கை காய்த்துப்போனவள். கடல் பித்து பிடித்தது அவள் கணவன் திவாகருக்குத்தான், அதுவும் நாற்பத்தைந்து வயதில். சனிக்கிழமையானால் கடற்கரை. கரையிலிருந்து நடந்தே இறங்கி, பாறை ஓரத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் மூச்சடக்கி முங்குவான். எதையும் பிடித்து வர மாட்டான். பார்த்துவிட்டு வருவான், அவ்வளவுதான்.

“குளத்துல காசு பொறுக்குற பையன் கெட்டான்” என்பாள் மரகதம்.

“கிடைச்சா உனக்குத்தான்டி.”

குளிருக்காகப் போடும் ரப்பர் உடுப்பு ஆளை மிதக்கவிடும். முங்க வேண்டுமென்றால் இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட் வேண்டும். நண்பர் சுந்தரம் தன்னுடையதை இரவல் கொடுத்திருந்தார். “ஏதாச்சும் ஆச்சுன்னா பக்கிளை ஒரே இழு. பெல்ட் விழுந்துடும், நீ மேல வந்துடுவ” என்று இவர்கள் சமையலறையில் நின்று இழுத்தும் காட்டினார். மரகதம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

ஒருமுறை கடலுக்குள் பெல்ட் கழன்று விழுந்து, அரைநாள் தேடி எடுத்து வந்தான்.

“இரவல் பொருளைத் தொலைச்சுட்டு அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?”

மறுவாரம் அவளும் கூடப் போனாள். பக்கிளின் மேல் பாவாடை நாடாவைச் சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டாள். “வீட்டுக்கு வந்து அவுத்துக்கலாம்” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

கரையிலிருந்து முப்பதடி இருக்கும். காலைப் பாறை இடுக்கியதோ, தசை பிடித்ததோ, யாருக்கும் தெரியாது. உடலை மேலே கொண்டுவந்தபோது வலது கையில் இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. நாடா அப்படியே இருந்தது.

“இதைக் கட்டியது யார்?” என்று போலீஸ்காரப் பெண் கேட்டாள்.

“தெரியாது.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகும் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். மகள் தாரிணி அவர் வந்ததிலிருந்து அறையை விட்டு வரவில்லை. பழைய பக்கிளைக் கொடுத்து அப்பாவைக் கொன்றவர் அவர் என்பது அவள் கணக்கு.

“அவ கோவம் நியாயந்தான்மா” என்றார் சுந்தரம். “பக்கிள் தேஞ்சிருக்கும். அதனாலதான் பாவி அவனே நாடாவைக் கட்டிக்கிட்டிருக்கான். தூக்கமே இல்ல எனக்கு.”

மரகதம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“நான் கட்டினதுண்ணே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பக்கிள் தேஞ்சுதோ, இவரு சரியா மாட்டலையோ, எனக்குத் தெரியாது. முடிச்சு நான் போட்டது. போலீஸ்ல தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். அந்த நிம்மதிக்காக அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

“பாப்பாகிட்ட இப்போ சொல்லாத. கொஞ்ச நாள் போகட்டும்.”

“நாளைக்கு போலீஸ்ல சொல்லப்போறேன். அவ வேற யார் வாயாலயும் கேக்க வேணாம்.”

மரகதம் எழுந்துபோய் மகளின் கதவைத் தட்டினாள்.

“அந்த ஆள் போயாச்சா?” என்றாள் தாரிணி, இங்கிலீஷில்.

“இல்ல. அவர் இருக்கும்போதே சொல்லணும். கதவைத் திற.”