கொரீன் மகாராணியை வெண்டல் பார்த்த நாள்

வெண்டல் ஹாக்ஸ்டட் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவான், எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டி வரும் என்பதுபோல. வயது ஐம்பத்தேழு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் முழுக்கச் சுற்றி, ஆலங்கட்டி மழை அடித்த கூரைகளையும் மான் மோதிய கார்களையும் முப்பது வருஷமாகப் படம் பிடிக்கிறவன். ஓட்டை எங்கே, விரிசல் எங்கே, துரு எங்கே என்று தேடித் தேடி அவன் கண்ணே அப்படி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போனாலும் கூடாரத்தில் இருக்கிற கிழிசலைத்தான் முதலில் சொல்வான். இந்த மனுஷனோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய கொரீனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

கொரீன் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ்களை அனுப்பும் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள். "என் பிள்ளைக்கு இன்னும் பஸ் வரலை" என்று கத்துகிற அம்மாக்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றிப்போகும். ஆனால் ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, சனி ஞாயிறுகளில் அவள் மகாராணி. சோளக்கொல்லைகளுக்கு நடுவே, பழைய ஐரோப்பிய ராஜா ராணி காலம்போல வேஷம் கட்டி நடத்தும் ரெனசான்ஸ் திருவிழாவில் பன்னிரண்டு வருஷமாக அவள் தலையில்தான் கிரீடம். முதல் வருஷம் வெண்டல் போனான். அரை மணி நேரத்தில் "வெயில், தூசி" என்று திரும்பி வந்தவன், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இந்த வருஷம் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள், அடுத்த வருஷம் வேறொருத்திக்குக் கிரீடம் என்று. கடைசி ஞாயிறு காலையில் கொரீன் தலையில் கொண்டை ஊசி குத்திக்கொண்டே பேச்செடுத்தாள்.

"எனக்கு ஒரே ஒரு படம் வேணும், வெண்டல். ராணியா."

"அதான் ஊர்ல இருக்கிறவன் எல்லாம் எடுத்திருக்கானே."

"அதுல எல்லாம் வேஷம் போட்ட பஸ் ஆபீஸ் கொரீன்தான் இருக்கா. உனக்குப் பொய்யா படம் எடுக்க வராது. நீ எடுத்த படத்துல நான் ராணியா இருந்தா, நெஜமாவே இருந்திருக்கேன்னு அர்த்தம்."

"பத்து நிமிஷ வேலை. எடுத்துட்டு நான் கெளம்பிடுவேன்."

"ஆறு மணிக்கு பீரங்கி வெடிச்சு முடிச்சிடுவாங்க. அதுக்குள்ள எடுத்துடு. இன்னொண்ணு, கேட்டுக்குள்ள வந்துட்டா நீ யாருன்னு எனக்குத் தெரியாது."

"தெரியும், தெரியும். உங்க சட்டம்தானே."

அந்தத் திருவிழாவின் சட்டம் அது. ஜனங்கள் கண்ணில் படும் இடத்தில் ராணி ராணிதான், கொல்லன் கொல்லன்தான். பெற்ற தாயே வந்து நின்றாலும் வேஷம் கலையக் கூடாது.

பத்து நிமிஷ வேலை மத்தியானம் வரை இழுத்தது. ராணி பவனி வரும்போதெல்லாம் வெண்டல் முன்னால் ஓடினான், குனிந்தான், எடுத்தான். எடுத்ததைப் பார்த்தால் எல்லாம் ஓட்டை உடைசல். ஒரு படத்தில் சிங்காசனத்துக்குப் பின்னால் பிளைவுட் ஈரத்தில் உப்பியிருந்தது. இன்னொன்றில் கோட்டைச் சுவரின் கல்லில் மூன்று ஆணி. வேறொன்றில் கொரீனின் கழுத்துச் சுருக்கத்தில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. இருநூற்றுச் சொச்சம் படம், ஒன்றில்கூட ராணி இல்லை. அப்படியே ஆபீசில் கொடுத்தால் கோட்டைக்கு நஷ்ட ஈடு வாங்கித் தந்துவிடலாம்.

கோமாளி வேஷக்காரன் லைல் குல்லாய் மணி குலுங்க வழியை மறித்தான். மற்ற நாட்களில் பல் டாக்டர்.

"ஏன் ஐயா, அந்தப் பெட்டிக்குள்ள யாரை அடைச்சு வச்சிருக்கீர்? ஒரு ஓட்டையாவது போடும், மூச்சு விடட்டும் பாவம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. சுட்ட வான்கோழிக் கால் ஒன்றை வாங்கி நின்றபடியே கடித்தான், பாதியில் குப்பையில் போட்டான், நேரம் பார்த்தான். ஈட்டிச் சண்டைக்குப் போய் உட்கார்ந்து, முதல் குதிரை ஓடுவதற்குள் எழுந்து வந்துவிட்டான். கேட்டது ஒரு படம், அதுவும் கைக்கு வரமாட்டேன் என்கிறதே என்று அவனுக்கு அவன்மேலேயே எரிச்சல்.

மூன்று மணிக்கு, ராணி குழந்தைகளுக்கு வீரப் பட்டம் கொடுக்கும் நேரம். வாளால் இரண்டு தோளையும் தொட்டு, புதுப் பேர் ஒன்று சூட்டி அனுப்புவாள். இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெளிச்சம் நன்றாக விழுந்தது, கொரீனின் முகம் நிமிர்ந்திருந்தது. கிடைத்துவிட்டது என்று கேமராவைத் தூக்கினான். பட்டுப் பாவாடைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ எட்டிப் பார்த்தது. முட்டி வலிக்காக அவள் போட்டுக்கொள்வது அது.

"கொரீன், பாவாடையைக் கொஞ்சம் எறக்கு. ஷூ தெரியுது."

கூரைமேல் நிற்கிற ஆளிடம் கீழேயிருந்து கத்துவானே, அந்தக் குரல். மைதானமே திரும்பிப் பார்த்தது. ராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே அட்டைக் கேடயத்தோடு நின்ற ஆறு வயதுப் பெண், ஷூவைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, ராணி பேரு கொரீனா?"

அந்தப் பெண் வரிசையை விட்டு வெளியே போய்விட்டாள்.

லைல் வெண்டலின் சட்டையைப் பிடித்து, பலகாரக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். அங்கே ஜனம் இல்லை.

"உனக்கு அறிவு இருக்கா? பன்னெண்டு வருஷம். குளவி கொட்டினப்போகூட அவ ராணியாத்தான் கத்தினா. அவ அம்மாவை அடக்கம் பண்ணின மறுநாளும் வந்து நின்னா. இன்னிக்குக் கடைசி நாள், நீ வந்து மானத்தை வாங்குறே."

"ஷூ தெரிஞ்சுது, லைல்."

"எல்லாருக்கும்தான் தெரியுது. அந்தப் பொண்ணுக்குத் தெரியலைன்னு நினைச்சியா? அது ராணியைப் பார்த்துட்டிருந்துச்சு. நீ ஷூவைப் பார்த்தே."

வெண்டலுக்குக் காது சுட்டது. "வீட்டுக்குப் போனதும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"வீட்ல இருக்கிறவகிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? இங்க தப்பு பண்ணினவன் இங்க ராணிகிட்டதான் கேக்கணும். அஞ்சரைக்குக் கடைசி வரிசை. போய் நில்லு."

சனியன், போய்விடலாமா என்றுகூட யோசித்தான். இரண்டு முறை கேட் வரை போனான், இரண்டு முறையும் திரும்பினான். வைக்கோல் கட்டின்மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், அம்மா எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

"வரிசையில நிக்கலையா நீ?" என்றான்.

"அவங்க நெஜ ராணி இல்லையே. நீங்கதானே சொன்னீங்க."

பொய் சொல்ல அவனுக்கு வராது. "எனக்குத் தெரியலைம்மா. நான் இன்னும் சரியாப் பாக்கலை. நானும் வரிசைக்குத்தான் போறேன். வா, பக்கத்துல போய்ப் பாத்துடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தாள். அவனை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்றுகொண்டாள். அவன் போய் அடி வாங்குகிறானா என்று பார்க்க வேண்டாமா?

முறை வந்ததும் வெண்டல் மண்டியிட்டான். புல் நனைந்திருந்தது.

"யார் இந்த மனிதன்?" என்று ராணி லைலைக் கேட்டாள்.

"மத்தியானம் சபையில வாயை விட்டவர், மகாராணி."

ராணி குனிந்து பார்த்தாள். "உன் பெயர் என்ன?"

அது பஸ் ஆபீஸ் குரல் இல்லை. வெண்டல் அந்தக் கண்ணில் தன்னைத் தேடினான். ஒரு சிரிப்பு, ஒரு கோபம், ஏதாவது ஒன்று. எதுவுமே இல்லை. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அவனை யாரென்று தெரியவில்லை.

ஏழு வயதில் ஒருமுறை அவன் இப்படிப் பயந்து, கண்ணை எடுக்காமல் நின்றிருக்கிறான். மாமாவின் இருட்டுக் கொட்டகையில், பலகையில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து, எதிர்ச் சுவரில் மாடுகள் தலைகீழாக நடந்தன. சுவருக்குள் இன்னொரு மந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த வெயில் காலம் முழுக்கத் தினமும் போய்ப் பார்த்தான். வெளியே மேய்கிற மாடுதான், வெளிச்சம் அப்படி விழுகிறது என்று அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகு போகவேயில்லை.

"வெண்டல், மகாராணி," என்றான்.

"என் சபையில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாயாமே. அப்படி ஒருத்தி இங்கே இருக்கிறாளா?"

"இல்லைங்க."

சொன்ன பிறகுதான், அதில் பொய் எதுவும் இல்லை என்று அவனுக்கே உறைத்தது.

"பிழை பொறுத்தோம்," என்று வாளால் இரண்டு தோளையும் தொட்டாள். கனமான வாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மண்டியிட்டபடியே நகர்ந்து வழிவிட்டான். அந்தப் பெண் ராணியை அண்ணாந்து பார்த்தாள், பிறகு கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே மண்டியிட்டாள். ராணி வாளை உயர்த்தினாள். வெண்டல் ஒரே ஒரு படம் எடுத்தான். அதைச் சரிபார்க்கக்கூட இல்லை.

ஆறு மணிக்கு பீரங்கி வெடித்தது.

கார் நிறுத்தும் இடத்துக்கு கொரீன் பழைய ஸ்வெட்டரும் கலைந்த தலையுமாக வந்தாள். உட்கார்ந்ததும் கையை நீட்டினாள். கேமராவைக் கொடுத்தான். மத்தியானத்துக் கூத்துக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தான், விழவில்லை. ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

"இருந்திருக்கேன்," என்றாள் மெதுவாக.

"இருந்தே. எனக்குப் பயமாயிடுச்சு, கொரீன்." அவனுக்குப் பேச்சு நிற்கவில்லை. "கேளு, இது ஒண்ணு போதாது. காலை வெளிச்சத்துல நீ கேட்டுக்குள்ள வர்றப்போ எடுக்கணும். பவனியைப் பின்னாலேர்ந்து எடுக்கணும். அடுத்த சனிக்கிழமை உன்கூடவே கெளம்பி வந்துடறேன், நாள் முழுக்க இருக்கேன்."

கொரீன் அவன் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை இல்லையே, வெண்டல்."

அது அவனுக்குக் காலையிலிருந்தே தெரியும்.