நிற்கப் பழகியவர்

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் வெடி வேண்டும். பிள்ளை பிறந்தால் வெடி, பெண் சமைந்தால் வெடி, கட்சிக்காரர் வந்தால் வெடி, கட்டையில் போனாலும் வெடி. கையிலேயே சரக்கு இருக்கும்போது மனுஷன் சும்மா இருப்பானா? அப்படிப்பட்ட சீமையில் வெடிச் சத்தம் ஆகாத ஒருவர் எங்கேதான் போய்க் குடியிருப்பார்? வெம்பக்கோட்டை முனியராஜுக்கு அதுதான் தலையெழுத்தாகப் போயிற்று.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர் அவர். காஷ்மீரில் ஒருநாள் அவருக்கு முன்னால் போன வண்டி வெடித்துச் சிதறியது. அதில் இருந்தவர்களை அள்ளிச் சேர்த்த கைகளில் அவர் கையும் ஒன்று. அதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை. ஊருக்கு வந்த அன்று பஸ் நிறுத்தத்திலேயே மாலை போட்டு, சரவெடி கொளுத்தித்தான் வரவேற்றார்கள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அடுத்து வந்த அம்மன் கோயில் பொங்கலில் அது முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் சரம் வெடித்ததும், பக்கத்தில் நின்ற கல்யாண வயசு மகள் எழிலைத் தரையில் தள்ளி அவள் மேல் விழுந்து மூடிக்கொண்டார். காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். கல்லில் மோதிப் பிள்ளையின் தாடை கிழிந்து தையல் போடும்படி ஆகிவிட்டது. ஊர் சிரித்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒரு பெரிய மனுஷன் பழமொழி வேறு சொன்னான். துப்பாக்கியைத் தூரத்தில் இருந்துகூடப் பார்த்திராத ஆள் அவன்.

அதோடு முனியராஜ் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, எழுந்திருக்க மனசு இல்லை, அவ்வளவுதான். சட்டையை எடுத்து மாட்டுவது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. மனைவி மாரிச்செல்வி எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது மூடி வைத்த சோறு, அவள் திரும்பி வரும்போதும் மூடியபடியே இருக்கும். அந்த வண்டியில் போனவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று சுவரைப் பார்த்தபடி நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு அடிக்கடி வர ஆரம்பித்து, அவருக்கே பயம் வந்த பிறகுதான், பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் சொன்ன மதுரை ஆலோசகரைப் பார்க்கப் போனார். வீட்டில் பென்ஷன் விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கற்பகவல்லி என்று பெயர் அந்த அம்மாளுக்கு. மாத்திரைக்கு டாக்டரிடம் அனுப்பியதோடு, இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். "சத்தம் வந்தா ஓடாதீங்க சார், சண்டையும் போடாதீங்க. 'சத்தம்'னு மட்டும் மனசுக்குள்ள சொல்லுங்க. பாதம் தரையில இருக்கான்னு பாருங்க. மூச்சு உள்ள போகுதா, வெளிய வருதான்னு பாருங்க. வந்த சத்தம் போயிரும்."

மூச்சு விடக் கற்றுக்கொள்ளவா மதுரை வரைக்கும் பஸ் ஏறி வந்தோம் என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. ஆனால் வேறு போக்கிடமும் இல்லை. செய்து பார்த்தார். பல நாள் பலிக்கவில்லை. ஒருநாள், வாசலில் பைக் சைலன்சர் வெடித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே ஒழிய, கால் ஓடவில்லை. அன்றைக்கு வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எழிலுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை தருண்குமார் திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். தாலி கட்டும்போது மண்டப வாசலில் தாய்மாமன் சரம் கொளுத்துவது அவர்கள் சொந்தத்தில் விடாத வழக்கம். அந்தச் சரம் வெடிக்கும்போது மகள் பக்கத்தில் அசையாமல் நின்றுவிட வேண்டும். முனியராஜுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. அன்றைக்குக் கீழே தள்ளிய அப்பன் இவனில்லை என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

மத்தியானங்களில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புது வெடியை, ஊர் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொட்டலில் போட்டுச் சோதிப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் அங்கே போக ஆரம்பித்தார். முதலில் அணைக்கரை மேல் உட்கார்ந்து தூரத்துச் சத்தத்தைக் கேட்டார். பிறகு கரையை விட்டு இறங்கிக் கருவேல மரத்தடிக்கு வந்தார். வியர்த்துக் கொட்டும், வாந்திகூட வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் போவார். கடைசியில், பொட்டலை ஒட்டிய கம்பெனி வேலி ஓரமாக நின்று ஒரு முழுச் சரத்தையும் கேட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சரம் கொளுத்த வேண்டிய மைத்துனன் சுடலையிடம் கேட்டார்.

"சரம் பெருசா வாங்கியிருக்கியா மாப்ளே?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம் மச்சான். நீங்க போயி ரெஸ்ட் எடுங்க" என்று சுடலை வேறு பக்கம் பார்த்தான்.

முகூர்த்தத்தில், மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார் முனியராஜ். கெட்டிமேளம் எழுந்தது. பாதம் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மூச்சைப் பார்த்தார். வரட்டும் என்று காத்திருந்தார்.

தாலி ஏறியது. மேளம் நின்றது. வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

அட்சதை பெண்ணின் தலையில் விழுந்தது. சனத்தின் கண்ணெல்லாம் முனியராஜ் மேல் இருந்தது. சிரித்த அதே முகங்கள்தான், இப்போது பாவம் பார்த்தன. எழிலும் தாலியைப் பார்க்கவில்லை. குனிந்த தலையைத் திருப்பி அப்பாவையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா காதோரம் வந்து சொன்னார். "பயப்படாதீக சம்மந்தி. ஒருத்தரையும் வெடிக்க விடல. தங்கச்சி பாக்கு வைக்க வந்தப்பவே கும்புட்டுச் சொல்லிட்டாக."

வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைத்த வீட்டில் எல்லாம் அதைச் சொல்லியிருக்கிறாள் மாரிச்செல்வி. வெடியே தொழிலான சனம், ஒருவர் பாக்கியில்லாமல், அவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசு அவரை ஒரே அடியில் சாய்த்துவிட்டது.

மேடையை விட்டு இறங்கி, சமையல்கட்டுப் பக்கம் இலைக்கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். மாரிச்செல்வி ஓடி வந்தாள்.

"எல்லாருகிட்டயுமா சொன்ன?"

"சொன்னேன். பிள்ள கல்யாணத்துல நீங்க நிக்கணும்ல? தெனமும் அணைக்கரையில போயி உக்காந்திருக்கீகன்னு ஊருல சொன்னாக. தண்ணியில விழுந்துருவீகளோன்னு, கம்பெனியில நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைக் கோபித்து என்ன செய்ய? எதற்காகப் போனேன் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே.

மாலையும் கழுத்துமாக எழில் வந்தாள். "அப்பா, பந்தியில உங்களத் தேடுறாக. வாங்க."

"வெடிச்சிருந்தாலும் நின்னுருப்பேன் தாயி" என்றார்.

"தெரியும்ப்பா."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பந்திக்கூடத்தில் யாரோ அடுக்கி வைத்த இரும்பு நாற்காலிகளைத் தடாலென்று சாய்த்துவிட்டார்கள். முனியராஜ் அசையவில்லை. பாதம் தரையில் இருந்தது, மூச்சு அதன் பாட்டுக்கு வந்து போனது.

எழில்தான் பதறிப்போய் அவர் முன்னால் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து அவரை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல, நாக்காலிதான்" என்றாள்.

மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு முனியராஜ் அழுதார்.