இருபத்தேழாம் எண்

கிண்டி தொழிற்பேட்டையில், கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கும் சென்சார்களை மாட்டித் தரும் ஒரு சின்ன கம்பெனி. அதில் பதினைந்து வருடமாக இருக்கும் ஒரே பெண் டெக்னீஷியன் ஜோதிலட்சுமி. சைதாப்பேட்டைக்காரி, டிப்ளமா படித்தவள். ஏணி ஏறத் தெரியும், கம்பி இழுக்கத் தெரியும். எல்லாவற்றையும் விட, அபார்ட்மென்ட் செக்ரட்டரிகளிடம் "சரி சார்" என்று சொல்லத் தெரியும். பிழைப்புக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி.

மயிலாப்பூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அபார்ட்மென்ட். ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு சென்சார். பன்னிரண்டும் ஒரே கம்பி வழியாகத்தான் வாட்ச்மேன் அறைத் திரைக்குச் செய்தி அனுப்பும். எது அனுப்புகிறது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நடுவில் ஒரு பெட்டி. சென்சாரின் எண்ணை வாங்கி, நாம் கேட்கும் வேறு எண்ணாக மாற்றித் திரையில் காட்டும்.

அங்கே ஏழாம் வீட்டுக்கு அடுத்தது 7ஏ. எட்டு ஆகாதாம். திரையில் எழுத்து வராது, எண் மட்டும்தான். அதனால் எட்டாவது சென்சாரை 71 என்று காட்ட வைத்தாள். செக்ரட்டரி விஜயராகவன் கூட்டிப் பார்த்தார்.

"ஏழும் ஒண்ணும் எட்டுன்னா? இருபத்தேழு போடும்மா. கூட்டினா ஒன்பது, பேஷா இருக்கும்."

"எந்த வீடுன்னு யாருக்கும் புரியாதே சார்?"

"ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடேன்."

"சரி சார்."

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் பேப்பர் போயிற்று. திரும்ப ஒட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசியில் ஒரு காலை 7ஏ-வில் கேஸ் கசிந்தது. சென்சார் உடனே சொன்னது. பெட்டி எண்ணை ஒழுங்காக மாற்றியது. திரையும் கத்தியது. வாட்ச்மேன் தங்கவேல் 27 என்று பார்த்தார். பன்னிரண்டு வீட்டில் இருபத்தேழு ஏது? மெஷின் கோளாறு என்று சத்தத்தை அணைத்துவிட்டார். மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்த 7ஏ சமையல்காரி கோவிந்தம்மா, இருட்டாக இருக்கிறதே என்று லைட் ஸ்விட்சைத் தட்டினாள்.

மறுநாள் காலை கம்பெனியும் செக்ரட்டரியும் சேர்ந்து ஜோதிலட்சுமியிடம் ஒரு கடிதம் நீட்டினார்கள். சுவரில் பேப்பர் இருந்தது, வாட்ச்மேன்தான் பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் பழி அவள் தலையில். போட்டாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோவிந்தம்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு.

"மெஷின்ல இன்னா நம்பரும்மா வந்துச்சு?"

"இருபத்தேழு, அக்கா."

"அது இன்னா நம்பரு? அந்த வூட்ட நாங்கல்லாம் எட்டுன்னுதான சொல்லுவோம். தங்கவேலு கூட, 'எட்டு, குப்ப வண்டி வந்துகீது'ன்னுதான் கொரல் குடுப்பாரு. எட்டுன்னு வந்திருந்தா ஓடியாந்திருப்பாரும்மா அந்த மனுஷன்."

அந்தக் கடிதத்தைக் காட்டி, மதியமே தங்கவேலை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ஜோதிலட்சுமியை மட்டும் நாளைக்கு வழக்கம்போல் வரச் சொல்லியிருந்தார்கள்.