மணல் இல்லாத பெட்டி

அந்த லிஃப்ட் மெக்கானிக் பதினெட்டாம் மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டே கொட்டாவி விடுவார். சத்தியம், கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறேன். அப்பேர்ப்பட்டவர் பொம்மைக் கடையில் நிலைகொள்ளாமல் தவித்தார்.

போன மாதம் மகளின் மாமியார் வந்தபோது சொல் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடினார்கள். அட்டையில் இருக்கும் சொல்லைச் சொல்லாமல், குறிப்புக் கொடுத்தே மற்றவர்களைச் சொல்லவைக்க வேண்டும். இவருக்கு வந்தது ஏணி. மணல் கடிகாரத்தில் மணல் இறங்க இறங்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தினமும் ஏணி ஏறுறவருக்கே ஏணி தெரியலயே சம்பந்தி!" என்று அந்தம்மாள் சிரித்தார்.

"அடுத்த தடவ ஆட்டப்பெட்டி நாங்க வாங்குறோம்" என்று இவர் ரோஷத்தில் வாயைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வருகிறார்.

கடையில் சிறுவர் பெட்டி, குடும்பப் பெட்டி, சினிமா பெட்டி, பயணப் பெட்டி என்று நாலு விதம். எடுத்தார், வைத்தார், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சிறுவர் பெட்டிய எடுங்களேன், சுலபமா இருக்கும்" என்றாள் மனைவி.

"அதுக்கும் சேத்துச் சிரிப்பாங்கடி!"

உதிரிபாகப் பட்டியல் படிக்கிற பழக்கத்தில் பயணப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. அதில் மணல் கடிகாரமே கிடையாது!

ஞாயிறன்று சம்பந்தியம்மாள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"கடிகாரம் இல்லயா? கவலப்படாதீங்க சம்பந்தி" என்று தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

மெக்கானிக் கைபேசியைப் பார்த்தார். முப்பது வருட வேலையில் முதல்முறையாக, எங்காவது ஒரு லிஃப்ட் நின்று தொலையாதா என்று வேண்டிக்கொண்டார்.